மரத்துக்குக் கால்

மரம் எப்படி நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அது பாட்டுக்கு நிற்கிறது. நாம் பாட்டுக்கு அதன் நிழலில் ஒதுங்கியிருந்துவிட்டு, பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுகிறோம். வேரோடு இருக்கிற வரையில் அந்தக் கேள்விக்கு அவசியமே ஏற்படுவதில்லை. அடியில் அரிவாளைப் போட்டு, "வா, எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து நில்" என்று கூப்பிடுகிறோமே, அப்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது. நிற்கக் கால் வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டும். அதுவரை இரண்டையும் மண் கொடுத்து வந்தது. இனிமேல் நாம் கொடுத்தாக வேண்டும்.

நான் சொல்ல வருவது கிறிஸ்மஸ் மரத்தைப் பற்றி. குடை மாதிரி மடக்கி அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அந்தப் பிளாஸ்டிக் மரத்தை அல்ல. அதற்கு வாடவும் தெரியாது, தாகமும் கிடையாது. ஜன்னல் ஓரமாக ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தால் அடுத்த கிறிஸ்மஸ் வரையில்கூட நிற்கும். நான் சொல்வது வெட்டிய பச்சை மரம். பத்தடி உயரம், அடியில் நாலங்குலத் தண்டு, தூக்குவதென்றால் இரண்டு ஆள் வேண்டும். அப்படி ஒன்றை ஒரு வீட்டுக்குள் பதினைந்து நாள் விழாமலும் வாடாமலும் வைத்திருக்க எந்த ஸ்டாண்டு நல்லது? 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு நானும் என் சிநேகிதர் ஒருவரும் தேனிக்கும் கம்பத்துக்கும் இடையே அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல.

"கிறிஸ்மஸ் மரமாவது, கம்பம் பள்ளத்தாக்காவது! வாழையும் நெல்லும் விளைகிற பூமியில் பனிப் பிரதேசத்து வழக்கத்துக்கு என்ன வேலை?" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். உத்தமபாளையத்துப் பக்கம் வந்து பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். இராயப்பன்பட்டியில் இருப்பது பனிமய மாதா கோவில். பனி விழாத ஊரில் பனிமய மாதாவே வந்து குடியிருக்கும்போது, அவள் மகன் பிறந்த நாளுக்கு ஒரு மரம் வந்து நிற்கக் கூடாதா? பக்கத்தில் அனுமந்தன்பட்டியில் பரிசுத்த ஆவி கோவில். ஊர்ப் பெயர் அனுமார் பெயர். கோவில் பரிசுத்த ஆவியின் பெயர். இதில் யாருக்கும் எந்தச் சிரமமும் இருந்ததில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் பெருமையான பன்னீர் திராட்சையே வெளியிலிருந்து வந்ததுதான். 1832-ஆம் வருஷத்தில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார் என்பது அதன் வரலாறாகச் சொல்லப்படுவது. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வந்தது இந்த மண்ணில் நின்றுவிட்டால் இந்த மண்ணுடையதுதான்.

நிறுத்துகிற கலையில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. திராட்சைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் வரிசை வரிசையாகக் கல்தூண்கள். அவற்றின் தலையில் கம்பி இழுத்து, கம்பியின்மேல் கொடி. குலை தள்ளிய வாழைக்கெல்லாம் முட்டுக் கம்பு. ஆடி மாதத்துக் காற்று இங்கே சும்மா வீசாது. ஆளையே ஒரு பக்கமாகச் சாய்த்து நடக்க வைக்கும். அதற்கு ஈடு கொடுத்து நிற்கிற சாமர்த்தியத்தைச் சம்சாரிகள் பரம்பரையாகப் படித்திருக்கிறார்கள். ஊரின் பெயரே கம்பம் என்றால் வேறு என்ன சொல்ல?

அதைவிடப் பெரிய சாட்சி வீரபாண்டியில் இருக்கிறது. கௌமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழாவுக்கு வாரக்கணக்கில் முன்னாலேயே, மூன்றாகக் கிளை பிரிந்த அத்திமரக் கம்பம் ஒன்றைக் கோவிலில் நடுகிறார்கள். நட்ட நாளிலிருந்து ஜனங்கள் முல்லையாற்றில் குளித்துவிட்டு, குடத்திலும் சொம்பிலும் ஆற்று நீரை எடுத்து வந்து அந்தக் கம்பத்துக்கு ஊற்றுகிறார்கள். விடியற்காலையில் போனாலும் ஈரம், நடுப்பகலில் போனாலும் ஈரம். பக்தியின் காரணம் பக்தர்களுக்குத் தெரியும். அதில் நான் தலையிடவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. வெட்டிய மரத்தை நிமிர்த்தி நட்டால் மட்டும் போதாது, அதற்குத் தண்ணீரும் விட வேண்டும் என்ற முறை இந்த ஊர் ஜனங்களின் கையிலேயே இருக்கிறது. கடையில் ஸ்டாண்டு செய்து விற்கிறவர்கள் இதில் பாதியைத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

கிறிஸ்மஸ் மரம் ஜெர்மானியர் வீட்டு வழக்கம். விக்டோரியா மகாராணியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் குழந்தைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கிற படத்தை 1848-இல் லண்டன் பத்திரிகை ஒன்று வெளியிட்டது; அதற்குப் பிறகு இங்கிலாந்து முழுதும் அது பரவிவிட்டது. அந்தக் காலத்தில் கிளைகளில் மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள். மரம் சாய்ந்தால் வீடே போய்விடும். ஆகையால் ஸ்டாண்டு என்பது அன்று அலங்கார விஷயமல்ல. 1882-இல் நியூயார்க்கில் எடிசனுடைய கூட்டாளியான எட்வர்டு ஜான்சன் என்பவர் தம் வீட்டு மரத்தில் எண்பது மின்சார விளக்குகளைப் பூட்டி, மரத்தையும் மின்சாரத்தாலேயே சுற்ற விட்டாராம். நிற்கிற மரமே பெரும்பாடு. அவர் சுற்றுகிற மரம் வைத்தார்! பணமும் மின்சாரமும் இருந்தால் மனிதனுக்கு என்னதான் தோன்றாது?

நம் பக்கத்தில் அந்த மரம் ஏது? சவுக்குதான் கிறிஸ்மஸ் மரம். தூரத்திலிருந்து பார்த்தால் ஊசியிலை மரம் போலவே இருக்கும். வாஸ்தவத்தில் அதற்கும் பைன் மரத்துக்கும் பந்துத்துவம் கிடையாது. ஊசி ஊசியாகத் தொங்குகிறதே, அது இலையே அல்ல. மெல்லிய பச்சைக் குச்சி. இலைகள் அந்தக் குச்சியின் கணுவில் செதில் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தொங்கலைப் பார்த்து, கேசோவரி என்ற பறவையின் இறகு போல் இருக்கிறதென்று விஞ்ஞானிகள் அதற்குக் கேசுவரினா என்று பெயர் வைத்தார்கள். நாம் கட்டுமான வேலைக்குச் சாரம் கட்டுகிற மரத்துக்குள் ஒரு பறவை ஒளிந்திருக்கிறது.

என் சிநேகிதர் பள்ளிக்கூட ஆசிரியர். இராயப்பன்பட்டியில் பழைய வீடு. ஊருக்கு வெளியே கொஞ்சம் வாழை, கொஞ்சம் திராட்சை. வாழைக்குக் காற்றுத் தடுப்பாக வரப்போரம் சவுக்கு வைத்திருந்தார். அதில் ஒன்றை இரண்டு வருஷத்துக்கு முன் தலையை வெட்டி விட்டிருந்தபடியால், அது உயரமாகப் போகாமல் பக்கவாட்டில் அடர்ந்து, கோபுரம் போல் ஜோராக வளர்ந்திருந்தது. வழக்கமாக ஒரு கிளையைத்தான் வீட்டுக்கு வெட்டிக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் முழு மரமும் வேண்டும் என்று அவர் தீர்மானித்ததற்குக் காரணம் அவருடைய தகப்பனார்.

பெரியவருக்கு எண்பத்து மூன்று வயது. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். லஸ்கர் என்றால் கப்பற்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கால்வாய் மடையைத் திறந்து மூடி, தண்ணீர் அளவைப் பார்த்துச் சொல்கிற உத்தியோகம். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரையில் பதினேழு வாய்க்கால், 14,707 ஏக்கர் இருபோக நெல். அந்தத் தண்ணீரின் ஒரு பங்கு முப்பது வருஷம் அவர் கைவழியாகப் போயிருக்கிறது. அந்த ஆவணியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மதுரையில் ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் அறைக்கும் நடமாடுகிற அளவுக்குத் தேறியிருந்தார். நடுராத்திரிப் பூசைக்குக் கோவிலுக்குப் போக முடியாது. கோவில் முற்றத்து மரத்தைப் பார்க்க முடியாதவருக்கு வீட்டிலேயே ஒரு மரம். இது மகனுடைய எண்ணம்.

இன்னொன்றும் இருந்தது. பெரியவருடைய மகள் மஸ்கட்டில் நர்ஸ். கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜனவரி 4-ஆம் தேதிதான் வருகிறாள். மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6. அதுவரை மரம் பச்சையாக நிற்க வேண்டும். "அவ வந்து பாக்கணும்ல?" என்று பெரியவர் ஒரே ஒரு தடவை சொன்னார். மறு தடவை சொல்லவில்லை. சிநேகிதர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவருடைய சாய்வு நாற்காலி கூடத்தில் இருந்தது. மரம் நிற்கப் போவதும் அதே கூடத்தில், நாற்காலிக்கு நாலு முழத்தில். பேரன் பேத்திகள் நாலு பேர். ஒரு குழந்தை கிளையைப் பிடித்து இழுத்து மரம் சாய்ந்தால், அது சாய்கிற இடம் பெரியவர் மடி. ஏற்கெனவே ஒட்ட வைத்த இடுப்பு.

சிநேகிதர் முதலில் செய்தது, இந்தக் காலத்தில் எல்லாரும் செய்வது. செல்போனில் தேடி, "பெரிய நிஜ மரத்துக்கு ஏற்றது" என்று எழுதியிருந்த ஸ்டாண்டு ஒன்றை வரவழைத்தார். பெட்டியைப் பிரித்தால், பச்சைப் பெயின்டு அடித்த நாலு மெல்லிய தகரக் கால். நடுவில் ஒன்றேகால் அங்குலக் குழாய். அதில் பிளாஸ்டிக் மரத்தின் இரும்புக் கம்பி நுழையுமே தவிர, நம் சவுக்கின் சுண்டு விரல்கூட நுழையாது. திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதியதற்கு வந்த பதிலை இங்கே எழுதிப் பயனில்லை. கடைசி பேத்தி அந்த ஸ்டாண்டைக் கவிழ்த்துப் போட்டு, பொம்மைக்கு மேஜை என்று வைத்துக்கொண்டாள்.

அடுத்தது மண்ணெண்ணெய்த் தகரம். நாற்பது வருஷமாக அந்த வீட்டுக் கிளை அதில்தான் நின்றது. தகரத்தில் மணலைப் போட்டு, கிளையைச் சொருகி, வெளியே வர்ணக் காகிதம் சுற்றுவது வழக்கம். அஞ்சடிக் கிளைக்கு அது போதும். பத்தடி மரத்துக்கு ஒன்பது அங்குல அகலமுள்ள தகரம் எந்த மூலைக்கு? பெயின்டு டிரம்மில் ஜல்லியைப் போட்டாலும் இதே கதைதான். ஜல்லியும் மணலும் அசைவு கொடுக்கும். இன்று ஒரு நூல் அசைந்தால் நாளை ஓர் அங்குலம். அதோடு மணல் தண்ணீரைக் குடித்துவிட்டு மரத்துக்கு ஈரத்தை மட்டும் காட்டும்.

அதன் பிறகுதான் சின்னமனூர் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் இருபத்தைந்து வயதுப் பையன், சிநேகிதரிடம் படித்தவன். "சார், மூணு கால் வைக்கவா, நாலு கால் வைக்கவா?" என்று கேட்டான். சாதாரணக் கேள்வி போல் இருந்தது. ஆனால் விஷயமே அதில்தான் இருந்தது.

மூன்று கால் வைத்தால் எந்தத் தரையிலும் ஆடாது. தரை மேடு பள்ளமாக இருந்தாலும் மூன்று காலும் பதியும். முக்காலிக்கு உள்ள பெருமை அது. நாலு கால் வைத்தால், தரை ஒரு நூல் பிசகினாலும் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். அடியில் அட்டையை மடித்துச் சொருக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஆடாத சர்க்கார் ஆபீசு உண்டா? ஆனால் விழுவது என்று வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. மரம் கால் இருக்கிற திசையில் விழாது. இரண்டு காலுக்கு நடுவில் இருக்கிற சந்தில்தான் விழும். மையத்திலிருந்து இரண்டடி நீளத்துக்கு மூன்று கால் நீட்டினாலும், சந்துப் பக்கத்தில் கிடைக்கிற பிடிப்பு ஓரடிதான். அதே இரண்டடியில் நாலு கால் நீட்டினால் சந்துப் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை அடி கிடைக்கும். முக்காலி ஆடாமல் இருந்து திடீரென்று விழும்; நாற்காலி ஆடி ஆடி எச்சரித்துவிட்டு நிற்கும்.

பையன் சாக்கட்டியை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டான். ஒரு குழந்தை நாலடி உயரத்தில் கிளையைப் பிடித்துப் பத்துக் கிலோ பலத்தோடு இழுக்கிறது. நாலு பத்து நாற்பது. மையத்திலிருந்து விளிம்பு ஓரடியில் இருந்தால், மரமும் ஸ்டாண்டுமாக நாற்பது கிலோவுக்கு மேல் இருந்தாக வேண்டும், குறைந்தால் சாயும். விளிம்பை இரண்டடிக்குத் தள்ளிவிட்டால் இருபது கிலோவே போதும். ஆக, ஒன்று அகலம் வேண்டும், இல்லையென்றால் கனம் வேண்டும். "அகலமாவே செஞ்சிரலாம் சார். இரும்பும் மிச்சம்" என்றான்.

இரும்பு மிச்சந்தான். ஆனால் எனக்குப் பெரியவருடைய வாக்கர் ஞாபகத்துக்கு வந்தது. கூடத்துக்குக் குறுக்கே இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி என்று இரும்புக் கால்கள் தரையோடு தரையாக நீண்டிருந்தால், கண் மங்கிய மனிதர் வாக்கரை எதில் வைப்பார்? மரம் அவர்மேல் விழாமல் இருக்கச் செய்கிற ஏற்பாடு, அவரை மரத்தின்மேல் விழ வைத்துவிடும். சிநேகிதரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பி, நடந்ததைப் பெரியவரிடம் சொன்னோம். அவர் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு, "பெரியாறு அணை எதுனாலே நிக்குது தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டினதுனாலே" என்றேன்.

"அது கட்டினது. நிக்கிறது எதுனாலே?"

நான் பேசாமல் இருந்தேன்.

"கனத்தாலே. அவ்வளவு தண்ணி நெஞ்சிலே முட்டித் தள்ளுது. அது யாரையும் பிடிச்சுக்கிட்டு நிக்கலே. தன் கனத்திலேயே நிக்குது."

உண்மைதான். பென்னிகுயிக் கட்டி 1895-இல் தண்ணீர் திறந்த அந்த அணை, தன் எடையால் நிற்கிற ஜாதியைச் சேர்ந்தது. 176 அடி உயரம். உச்சியில் பன்னிரண்டு அடி அகலந்தான். அடியிலோ அதைப் போல் பத்து மடங்குக்கும் மேலே. முப்பது வருஷம் அந்தத் தண்ணீரை அளந்து விட்டவருக்கு வெல்டிங் பையன் சாக்கட்டியால் போட்ட கணக்கு புதிதல்ல.

"அகலத்துக்கு இடமில்லேன்னா கனத்துக்குப் போங்க. கொல்லையிலே உங்கம்மா உரலு சும்மாதானே கிடக்கு?" என்றார் மகனைப் பார்த்து.

சிநேகிதர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த உரலில்தான் அவருடைய தாயார் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அதிரசத்துக்கு மாவு இடித்தது. அந்த அம்மாள் காலமாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. அதற்கும் முன்பே மாவு மில்லும் கிரைண்டரும் வந்து உரலைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டன. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். கோழி வந்து குடிக்கும். அவ்வளவுதான் அதன் ஜோலி.

ஆனால் போய்ப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. கிறிஸ்மஸ் மரத்துக்கென்றே யாரோ கொத்தி வைத்தது போல் இருந்தது அது! எண்பது கிலோ குறையாது. அடி அகலம் ஒன்றரை அடி. வாக்கருக்கு இடைஞ்சல் இல்லை. நடுவில் முக்கால் அடி ஆழக் குழி. கருங்கல், ஒரு சொட்டு ஒழுகாது. மரத்தின் முப்பது கிலோவையும் சேர்த்துப் பையனுடைய கணக்கில் போட்டால், மையத்திலிருந்து முக்கால் அடியில் நூற்றுப் பத்துக் கிலோ. எண்பதுக்கு மேல் வருகிறது. நமக்கு வேண்டியது நாற்பது. இரண்டு குழந்தைகள் சேர்ந்து இழுத்தாலும் கவலையில்லை. கண்ணன் உரலை இழுத்துக்கொண்டு போய் இரண்டு மருத மரங்களைச் சாய்த்தான் என்பது பாகவதத்துக் கதை. இங்கே, ஒரு கிறிஸ்தவர் வீட்டில், உரல் மரத்தை நிறுத்தப் போகிறது. பழைய பாக்கியைத் தீர்க்கிறதோ என்னவோ!

அதை உள்ளே கொண்டுவருவதற்கு நாலு ஆளும் ஒரு கடப்பாரையும் தேவைப்பட்டன. சாக்கை விரித்து, உரலைச் சாய்த்து ஏற்றி, சாக்கோடு இழுத்தோம். சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரு கீறல் விழவில்லை. நின்ற இடத்திலும் சாக்கு அடியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம், வழுக்காமல் இருக்கும்.

உரல் கிடைத்தது பாதி வேலைதான். குழியின் அடி குவிந்து உருண்டையாக இருக்கும்; உலக்கைக்கு அது சௌகரியம், மரத்துக்கு அல்ல. அடி ஓரிடத்திலும் மேலே ஓரிடத்திலுமாக இரண்டு பிடி இருந்தாலொழிய உயரமான எதுவும் நேராக நிற்காது. ஆசாரியாரைக் கூப்பிட்டோம். அவர் பூவரசம் பலகையில் உரல் வாய்க்கு மூடி மாதிரி ஒரு சட்டம் அறுத்து, நடுவில் தண்டு போக வட்டத் துளை விட்டு, சட்டத்தின் அடியில் நாலு முளை அடித்து, உரலின் வாய்க்குள் கெட்டியாக உட்கார வைத்தார். தண்டுக்கும் துளைக்கும் இடையில் சுற்றி எட்டு ஆப்பு. கீழே குழியிலும் நாலு ஆப்பு. சுத்தியலால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, எதிர்ப் பக்கம் ஒரு தட்டு. கொஞ்சம் கொஞ்சமாக மரம் நிமிர்ந்து தூக்கு நூலுக்கு நேரே வந்தது.

ஆப்பு என்றதும் சிலர் அலட்சியமாக நினைக்கலாம். லண்டனில் டிரபால்கர் சதுக்கத்தில் 1947 முதல் வருஷந்தோறும் நார்வே ஜனங்கள் அனுப்புகிற கிறிஸ்மஸ் மரம் நிற்கிறது. யுத்த காலத்தில் இங்கிலாந்து செய்த உதவிக்கு நன்றி. அறுபது எழுபது அடி மரம். கிரேனால் தூக்கி, அடியைப் பல அடி ஆழத்துக்கு இறக்கி, சுற்றிலும் மர ஆப்புகளை அடித்து நிறுத்துகிறார்கள். வேறு கயிறு, கம்பி எதுவும் இல்லை. ரோமாபுரியில் இராயப்பர் சதுக்கத்தில் 1982 முதல் மரம் வைக்கிறார்கள். இராயப்பன்பட்டியில் எட்டணா விலை பெறாத பன்னிரண்டு ஆப்புகள் அதே உத்தியோகத்தைப் பார்த்தன. ஆசாரியார் கிளம்பும்போது குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து, "ஆப்பைப் பிடுங்கின குரங்கு கதை தெரியுமில்லே? இதுலே யாராச்சும் கை வச்சீங்க, வாலு மாட்டிக்கிடும்!" என்று மிரட்டிவிட்டுப் போனார். கடைசிப் பையன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் குறுக்கிட வேண்டியிருந்தது. தண்டு துளைக்குள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. ஆசாரியார் உளியை எடுத்துத் தண்டைச் சுற்றிலும் சீவப் போனார். கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டேன். மரம் தண்ணீரை ஏற்றுவது பட்டைக்கு உட்புறமாக இருக்கிற வெளி மரத்தில்தான். நடு வயிரம் சும்மா தூண். வெளியைச் சீவிவிட்டால் வாயைத் தைத்துவிட்ட மாதிரி. துளையைப் பெரிதாக்கலாமே தவிர, தண்டைச் சிறிதாக்கக் கூடாது. அவர் ஒப்புக்கொண்டு, துளையை அகட்டினார். மரத்தை விடியற்காலையில் வெட்டி, அடியில் ஈரச் சாக்கைச் சுற்றித்தான் கொண்டு வந்திருந்தோம். ஆனாலும் வழியில் வெட்டுவாய் காற்றை உறிஞ்சியிருக்கும். ஆகையால் வீட்டில் வைத்து மறுபடி ஓர் அங்குலம் ரம்பத்தால் அறுத்துத் தள்ளினோம். அறுத்த கையோடு உரலில் இறக்கித் தண்ணீரை ஊற்றினோம். வெட்டுவாய் கல்லோடு ஒட்டி அடைபட்டுவிடாதபடி குழியில் மூன்று கூழாங்கற்கள். சர்க்கரை போடு, ஆஸ்பிரின் போடு என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. தண்ணீரைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பதுதான் மேல்நாட்டில் மரம் வளர்த்து விற்கிறவர்களின் அனுபவம். ஊசியிலை மரங்களுக்கு அவர்கள் சொல்கிற கணக்கு, தண்டில் ஓர் அங்குலத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர். அங்கே விற்கிற நல்ல ஸ்டாண்டுகளில் காலால் மிதித்தால் கம்பி இறுகி எல்லா நகங்களும் ஒரே சமயத்தில் தண்டைப் பிடிக்கும்; அடியில் தண்ணீர்த் தொட்டியும், மட்டத்தைக் காட்ட ஒரு மிதப்பும் இருக்கும்.

எங்கள் உரலுக்கு மிதப்பு இல்லை. சட்டத்தின் ஓரத்தில் ஆசாரியார் விட்டிருந்த சின்னத் துவாரம்தான் உண்டு. மறுநாள் காலை நான் போனபோது பெரியவர் நாற்காலியை மரத்துக்குப் பக்கத்தில் நகர்த்திப் போடச் சொல்லி உட்கார்ந்திருந்தார். கையில் விளக்குமாற்றுக் குச்சி ஒன்று. அதில் கத்தியால் கோடு கோடாகக் கீறியிருந்தார். துவாரத்தின் வழியாகக் குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பார்த்தார். "ராத்திரி ஒம்பது மணிக்கு ஆறு. இப்ப ரெண்டு. நாலு கோடு குடிச்சிருக்கு" என்றார். பேத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். "மெதுவா விடு. மடை உடைஞ்ச மாதிரி ஊத்தாதே."

முதல் நாள் ஐந்து சொம்பு. இரண்டாம் நாள் நாலு. பிறகு இரண்டும் இரண்டரையுமாக நிலைத்தது. எல்லாவற்றையும் பழைய டைரி ஒன்றில் தேதி போட்டு எழுதினார். காலை மட்டம், மாலை மட்டம், விட்ட அளவு. கிறிஸ்மஸ் ராத்திரி மற்ற எல்லாரும் பூசைக்குப் போயிருந்தார்கள். துணைக்கு நான் இருந்தேன். கோவில் மணிச் சத்தம் கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, "தம்பி, அந்தக் குச்சியைக் கொஞ்சம் எடுங்க" என்றார்.

டிசம்பர் 29-ஆம் தேதி ஒரு பரீட்சை வந்தது. மூத்த பேரன் நட்சத்திரத்தைச் சரி செய்கிறேன் என்று ஸ்டூலில் ஏறி, ஸ்டூல் சறுக்கி, மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கினான். பெரியவர் நாற்காலியில்தான் இருந்தார். மரம் ஒரு தடவை மூச்சு விட்ட மாதிரி அசைந்தது. நாலு கண்ணாடி உருண்டைகள் விழுந்து உடைந்தன. உரல் நகரவில்லை. பெரியவர் எழுந்திருக்கக்கூட முயலவில்லை. "இறங்குடா. தண்ணி சிந்தும்" என்றார்.

ஜனவரி 4-ஆம் தேதி காலை மகள் வந்தாள். சென்னையிலிருந்து போடி வரைக்கும் ரயில் விட்டு அப்போது ஏழு மாதங்கூட ஆகவில்லை. தேனியில் இறங்கி, காரில் ஊருக்கு வந்துவிட்டாள். மரத்தின் உள்பக்கக் கிளைகளில் கொஞ்சம் பழுப்பு தட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பச்சைதான். அவள் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். வர்ணக் காகிதத்தை ஓர் ஓரமாக விலக்கினாள். "அம்மா உரலா?" என்று கேட்டாள்.

"ஆமா. டைரியைப் பாரு" என்றார் பெரியவர்.

அவள் தரையில் உட்கார்ந்து அந்தப் பன்னிரண்டு நாள் கணக்கையும் முதலிலிருந்து படித்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு எவ்வளவு நீர் உள்ளே போயிற்று என்று எழுதி வைக்கிறவள் அவள். ஓரிடத்தில் சாயங்கால மட்டம் விட்டுப்போயிருந்ததை விரல் வைத்துக் காட்டினாள். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்" என்றார் பெரியவர், குற்றம் சாட்டப்பட்ட உத்தியோகஸ்தரைப் போல.

ஆறாம் தேதிக்கு மறுநாள் மரத்தை இறக்கினோம். கிளைகளைக் கழித்துத் தண்டைத் தோட்டத்துக்கு அனுப்பினார் சிநேகிதர்; குலை தள்ளிய ஒரு வாழைக்கு முட்டுக் கொடுத்தாயிற்று. உரலைக் கொல்லைக்குக் கொண்டுபோக அன்று ஆள் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தபோது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கூடத்தில் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆசாரியார் செய்த சட்டம் அதன்மேல் மூடியாக உட்கார்ந்திருக்கிறது. பெரியவர் அதில் மூக்குக் கண்ணாடியும் காப்பி டம்ளரும் வைத்துக்கொள்கிறார்.